ஹேக் நீதிமன்றத்தின் ஓட்டை சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது

ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டாலே, "போலீஸே இல்லாத கோர்ட், இவங்க யாரைப் பிடிக்கப் போறாங்க" என்று கிண்டல் ஆரம்பித்துவிடும். கிண்டலில் நியாயம் இல்லாமல் இல்லை. சூடானின் அப்போதைய அதிபர் பஷீர்மீது 2009-ல் பிடியாணை பிறந்தது. 2015-ல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடான தென்னாப்பிரிக்காவுக்கே போய் மாநாட்டில் உட்கார்ந்துவிட்டுப் பத்திரமாக ஊர் திரும்பினார். ஆனால் ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாலும், எந்தக் குற்றத்துக்கு விசாரிப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

இப்படிப்பட்ட சர்வதேசக் குற்றங்களைத் தொகுத்துச் சட்டமாக எழுதும்படி ஐ.நா. பொதுச்சபை 1947-லேயே சொல்லிவிட்டது. 1954-ல் வரைவு வந்தது. 'ஆக்கிரமிப்பு', அதாவது ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது படையெடுப்பது, என்பதற்கு வரையறை இல்லை என்று காரணம் சொல்லிக் கிடப்பில் போட்டார்கள். வரையறை 1974-ல் வந்தது, அப்போதும் நீதிமன்றம் வரவில்லை. 1998-ல் ரோமில்தான் 120 நாடுகள் ஆதரித்து, 7 எதிர்த்து, 21 ஒதுங்கி நின்று, இந்த நீதிமன்றத்தை உருவாக்கும் சாசனம் நிறைவேறியது. 2002 ஜூலை 1 முதல் அமல். அதற்கு முன் நடந்த எதையும் இந்த நீதிமன்றம் தொட முடியாது.

சாசனத்தின் 22-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எழுத்தில் இல்லாத செயல் குற்றம் ஆகாது. 'இதுவும் அது மாதிரிதானே' என்று நீட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நூரம்பர்க் விசாரணையை 'நடந்து முடிந்த பிறகு எழுதிய சட்டம்' என்று குறை சொன்னார்களே, அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் செய்த பிரிவு இது. எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இதனாலேயே, எழுதாமல் விட்ட ஒவ்வொரு வரியும் ஒருவருக்குத் தப்பிக்கும் வழியாகிவிடுகிறது.

பொதுமக்களைப் பட்டினி போட்டுப் போர் நடத்துவதையே எடுத்துக்கொள்வோம். 1998 சாசனத்தில் அது போர்க்குற்றம்தான், ஆனால் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போரில் மட்டும். உள்நாட்டுப் போருக்கான பட்டியலில் அந்த வரியே கிடையாது. முற்றுகை போட்டுச் சோற்றை நிறுத்துவது பெரும்பாலும் எங்கே நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. 2019-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒரு கொக்கி: 121-ஆவது பிரிவின்படி, 5 முதல் 8 வரையிலான பிரிவுகளில் செய்யும் திருத்தம் அதைத் தனியாக ஏற்ற நாட்டை மட்டுமே கட்டுப்படுத்தும்.

ஆயுதங்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. தேவையற்ற வேதனை தரும் ஆயுதங்களைப் பயன்படுத்துவது குற்றம் என்று 8-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அவை பின்னிணைப்பில் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டுமாம். அந்தப் பின்னிணைப்பு இன்றுவரை எழுதப்படவே இல்லை. அணு ஆயுதம் என்ற சொல்லே சாசனத்தில் இல்லை. இதை மறதி என்று நம்ப நான் தயாரில்லை.

ஆக்கிரமிப்புக் குற்றத்துக்கு 2010-ல் உகாண்டாவின் கம்பாலாவில் ஒருவழியாக வரையறை சேர்த்தார்கள், 2018-ல் அமலுக்கும் வந்தது. ஆனால் ஐ.நா. பாதுகாப்புச் சபை விவகாரத்தை அனுப்பிவைத்தால் ஒழிய, உறுப்பு அல்லாத நாட்டுக்காரர்மீது அது பாயாது. ரஷ்யா உறுப்பு நாடு அல்ல. அதனால் புடின்மீது 2023 மார்ச்சில் போட்ட பிடியாணை உக்ரைன் குழந்தைகளை நாடு கடத்தியதற்காக, படையெடுத்ததற்காக அல்ல. படையெடுப்பை விசாரிக்க ஐரோப்பிய கவுன்சில் என்ற மனித உரிமை அமைப்பு வழியாகத் தனித் தீர்ப்பாயம் அமைக்க வேண்டியதாயிற்று. உறுப்பு அல்லாத நாட்டுக்காரருக்கான அந்த விலக்கை நீக்க 2025 ஜூலையில் உறுப்பு நாடுகள் நியூயார்க்கில் கூடின. உடன்பாடு எட்டாமலே கலைந்தன.