படக்கார்டு கொடுத்தா பேச்சு நின்னுடுமா?

பேசாத புள்ளைக்கு, வேணுங்கிறத காட்டிக் கேக்குறதுக்கு படம் போட்ட கார்டு கொடுத்தா அதையே நீட்டிப் பழகிடும், அப்புறம் வாயே திறக்காதுன்னு சொல்றாங்க பாருங்க, தாத்தா பாட்டி சொன்னா விட்டுடலாம், ஸ்பெஷல் எஜுகேஷன் படிச்சவங்களும் சொல்றாங்க, அதுதான் கடுப்பாகுது.

இது ஆளாளுக்கு அபிப்ராயம் சொல்ற விஷயமே இல்லங்க. 2006லயே மில்லர், லைட், ஷ்லாசர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் சலிச்சு எடுத்துப் பாத்தாங்க. ஒழுங்கா நடந்த ஆய்வுகள்ல இருந்தது 27 பேர். படம், சைகைன்னு கொடுத்ததால பேச்சு குறைஞ்சவங்க ஒருத்தர் கூட இல்ல, 89 சதவீதம் பேருக்கு கூடியிருக்கு, மத்தவங்களுக்கு அப்படியே இருந்துச்சு. கூடினதும் பெருசா ஒண்ணும் இல்லன்னு அவங்களே எழுதிட்டாங்க. எனக்கு நம்பிக்கை வந்ததே அதுல தான், நம்ம ஊர் தெரபி சென்டர் நோட்டீஸ் எதுலயாவது "கொஞ்சம் தான் முன்னேற்றம் வரும்"னு போட்டு பாத்திருக்கீங்களா?

இந்தப் பக்கம் இப்படின்னா, கைய பிடிச்சு கீபோர்டுல டைப் பண்ண வைக்கிறதுக்கு மட்டும் கூட்டம் சேருது. பெசிலிடேட்டட் கம்யூனிகேஷன்னு 90கள் ஆரம்பத்துல அமெரிக்காவ கலக்கின சமாச்சாரம். பேசாத புள்ள கவிதை அடிச்சா எந்த அம்மாவுக்கு தான் கண்ணு கலங்காது? அப்புறம் நியூயார்க் மாநிலத்துல வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்கான ஓ.டி. ஹெக் மையத்துல சோதிச்சாங்க. டைப் பண்றவருக்கு ஒரு படம், கை பிடிக்கிறவருக்கு வேற படம், ஒருத்தர் பாக்குறது இன்னொருத்தருக்கு தெரியாது. டைப் பண்றவர் பாத்த படம் ஒரு தடவ கூட சரியா வரல, சரியா வந்த பேரெல்லாம் கை பிடிச்சவர் பாத்த படத்தோடது! யாரும் வேணும்னு ஏமாத்தல, அவங்களுக்கே தெரியாம அவங்க கை தான் நகத்தியிருக்கு. 1994ல அமெரிக்க உளவியல் சங்கம் இதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லன்னு தீர்மானமே போட்டுச்சு.

தண்ணி கார்ட தானா எடுத்து நீட்டுறது அந்தப் புள்ளையோட சொந்தப் பேச்சு, அதுக்கு பயப்படுறோம், அடுத்தவங்க விரல் எழுதினத நம்புறோம்.

ஆய்வுல வந்தது நம்ம புள்ளைக்கும் அப்படியே வருமான்னா, கேரண்டி இல்ல. அதுக்கு தான் ஒரு நோட்டுல கணக்கு எழுதணும். கார்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அவன் தானா எத்தன தடவ கேக்குறான், எத்தன வார்த்த வருது, ஆரம்பிச்ச பிறகு எத்தன. "நல்லா பண்றான் மேடம்"ங்கிறதெல்லாம் கணக்குல வராது. (பல ஸ்கூலுக்கு அலையுற அரசு சிறப்பாசிரியருக்கு இதுக்கு எங்க நேரம்னு கேட்டீங்கன்னா, அது நியாயமான சண்டை, தனியா போடணும்.)

புதுசா ஒரு தெரபிக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க, இது என் புள்ளைக்கு வேலை செய்யலன்னு எத வெச்சு முடிவு பண்ணுவீங்க, எப்ப நிறுத்துவீங்க? இதுக்கு கோவப்பட்டாங்கன்னா பர்ஸ எடுக்காம வீட்டுக்கு வந்துடுங்க.