சிறந்த படத்துக்கான ஆஸ்கர் யாருக்கு?
‘தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர்தான், சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் முதலீட்டாளருக்கே போகிறது’ என்று ஒரு கருத்து சுற்றுகிறது. அப்படி இல்லைங்க. கதையைத் தேர்ந்தெடுப்பது முதல் எடிட்டிங் முடியும்வரை கூடவே நின்று வேலை பார்த்த தயாரிப்பாளர்களுக்குத்தான் அந்த விருது. 2020-ல் ‘பாராசைட்’ என்ற கொரியப் படம் ஜெயித்தபோது, பணம் போட்ட சிஜே குழுமத்தின் மிக்கி லீயும் மேடையில் பேசினார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அவர் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர், அதாவது பெரும்பாலும் நிதி, மேற்பார்வைப் பக்கம் நிற்பவர். விருது அவர் பெயரில் இல்லை. ஆஸ்கர் இணையதளத்தில் 2020 பட்டியலைத் திறந்து பாருங்கள்: படத்தின் தயாரிப்பாளர்களான க்வாக் சின்-ஏ, போங் ஜூன்-ஹோ, இரண்டே பெயர்கள். அப்புறம், பல அமெரிக்கப் படங்களின் டைட்டிலில் தயாரிப்பாளர் பெயரை ஒட்டிச் சின்ன எழுத்தில் ‘பி.ஜி.ஏ.’ என்று வரும். தயாரிப்பு வேலையில் பெரும்பகுதியை அவர் செய்தார் என்று அங்குள்ள தயாரிப்பாளர் சங்கம் தரும் சான்று அது.