பெயருக்கு அர்த்தம் கேட்கிறவர்களுக்கு

விஷயம் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேட வேண்டாம், அந்தப் போட்டோவைப் போட்டவர்களே நீக்கிவிட்டார்கள். பிறந்து சில வாரங்களே ஆன பெண் குழந்தை. அப்பாவும் அம்மாவும் போட்டோ போட்டு ஆசை ஆசையாகப் பெயரை அறிவித்தார்கள். அதற்குக் கீழே நடந்ததைப் பார்த்தீர்கள்தானே? "இதெல்லாம் ஒரு பெயரா?", "எந்த நாட்டுப் பாஷை?", "கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்." இவ்வளவுக்கும் மேலே ஒருவர், நாலு பேர் மதிக்கிற மனிதர், "அர்த்தமில்லாத பெயரைச் சுமக்கப் போகும் குழந்தைக்கு என் அனுதாபம்" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு எத்தனை லைக்! என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் அதில் உண்டு. யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெயரை நான் இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. இழுத்தவரை போதும். ஆனால் அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். குழந்தையின் இரண்டு பாட்டிகளும் இன்று உயிரோடு இல்லை. ஒருவர் பெயரின் முதல் பாதியையும் மற்றவர் பெயரின் கடைசி எழுத்துகளையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. பேத்தியின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்ட இரண்டு பெண்கள் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். இதற்கு மேல் உங்களுக்கு என்ன அர்த்தம் வேண்டும்?

ஒருவர்கூட "ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்கவில்லை. என் ஆதங்கமே அதுதான். ஒரு பெயருக்கு அகராதியில் பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வைத்தவர் என்ன நினைத்து வைத்தார் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கேட்காமல், ஒரு குழந்தையின் பெயரை அர்த்தமற்றது என்று தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமை கிடையாது.

பெயர்களை ஒட்டிப் புதுப்பெயர் செய்வது ஏதோ நேற்று முளைத்த கூத்து என்று நினைக்கிறீர்களா? வனெஸ்ஸா என்ற பெயர் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் உண்டாக்கிய பெயர் அது. எஸ்தர் வான்ஹோம்ரி என்ற பெண்ணுக்காக, அவர் குடும்பப் பெயரின் முதல் அசையையும் எஸ்தரைச் செல்லமாகச் சுருக்கிய 'எஸ்ஸா'வையும் சேர்த்தார். அவ்வளவுதான். அன்றைக்கு அதற்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. 1807-ல் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். இன்றைக்குப் பெயர்ப் புத்தகங்களில் வனெஸ்ஸா என்றால் பட்டாம்பூச்சி என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். பெயர் முதலில் வந்தது, அர்த்தம் பின்னால் வந்து சேர்ந்தது.

மேடிசன் கதை இன்னும் பொருத்தம். அது ஆங்கிலேயக் குடும்பப் பெயர். 'இன்னாரின் மகன்' என்று முடிகிற பெயர். 1984-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில், கரைக்கு வந்த கடற்கன்னி தெருப் பலகையைப் பார்த்து அதையே தன் பெயராக வைத்துக்கொள்வாள். அதெல்லாம் பெயரே இல்லை என்று கதாநாயகன் சொல்வான். ஆனால் 2001-ல் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர்களில் அது இரண்டாம் இடம்! 'மகன்' என்று முடிகிற பெயரோடு எத்தனையோ பெண்கள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். அகராதியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பீர்களா?

சரி, அர்த்தம் அர்த்தம் என்கிறீர்களே, எந்த அர்த்தம்? கானாவின் ஆகான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயர். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அட்டா அன்னானின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண், அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர், அன்னான் என்றால் நான்காவது பிள்ளை. இமயமலையின் ஷெர்பா மக்களிடம் பாசாங் என்றாலும் வெள்ளிக்கிழமைதான். பாலித் தீவில் முதல் பிள்ளை வயான், இரண்டாவது மாதே, மூன்றாவது நியோமன், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் திரும்பவும் வயான். இதில் அழகும் இல்லை, அறிவும் இல்லை, தெய்வமும் இல்லை. வெறும் கிழமையும் வரிசையும்தான். கோஃபி அன்னானுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது "வெள்ளிக்கிழமை என்பதெல்லாம் ஒரு பெயரா?" என்று யாராவது கேட்டார்களா?

"இணையத்தில் தேடினேன், அந்தப் பெயருக்குத் தப்பான அர்த்தம் வருகிறது" என்றும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். கியாரா என்று தேடிப் பாருங்கள் ஐயா. அயர்லாந்து வழியாக வந்தால் 'கருமையானவள்'. இத்தாலி வழியாக வந்தால் லத்தீன் 'கிளாரா'விலிருந்து 'ஒளி மிக்கவள்'. ஒரே ஓசை, நேரெதிர்ப் பொருள். தாரா என்றால் சமஸ்கிருதத்தில் நட்சத்திரம், அயர்லாந்தில் பழைய அரசர்களின் குன்று. எந்த வழியில் அந்தப் பெயர் அந்த வீட்டுக்கு வந்தது என்று வைத்தவருக்குத்தான் தெரியும். தேடலில் முதலில் வருகிற பக்கத்துக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியல் போடுகிற தளங்களில் பல, ஒன்றைப் பார்த்து இன்னொன்று அப்படியே எடுத்துப் போட்டவை. எந்த மொழி, எந்த வேர்ச்சொல் என்று சொல்லாமல் எல்லாப் பெயருக்கும் 'அழகானவள்', 'அன்பானவள்' என்று எழுதி வைத்திருப்பார்கள். அதை ஆதாரமாகக் காட்டித்தான் பச்சைக் குழந்தையிடம் வம்புக்குப் போகிறீர்கள்.

நல்ல அர்த்தம் உள்ள பெயர்தான் நல்ல பெயரா? கிளாடியா என்ற பெயரின் வேர் லத்தீனில் 'நொண்டி'. சிசிலியாவின் வேர் 'பார்வையற்ற'. மலாலா என்றால் பஷ்தூ மொழியில் துயரம் நிறைந்தவள். 1880-ல் ஆப்கானிஸ்தானில் நடந்த மைவாந்த் போரில் நின்ற மலாலாய் என்ற பெண்ணை நினைத்து ஓர் அப்பா தன் மகளுக்கு வைத்த பெயர் அது. அகராதியில் துயரம், அப்பா மனத்தில் வீரம். மகள் 17 வயதில் நோபல் பரிசு வாங்கினாள்.

மங்கோலியாவில் நெர்குய் என்று பெயர் உண்டு, 'பெயரில்லாதவன்' என்று பொருள். எனெபிஷ் என்றால் 'இது இல்லை'. முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், கெட்ட ஆவிகள் ஏமாந்து போகட்டும் என்று வைத்த பெயர்கள். நம் ஊர்க் குப்பனும் பிச்சையும் அப்படி வந்தவர்கள்தான். நைஜீரியாவின் யொருபா மக்கள் அப்படிப்பட்ட குழந்தைக்கு மாலோமோ என்று வைப்பார்கள். 'இனி போகாதே' என்று பொருள். இந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு தாய் கூப்பிடும்போதெல்லாம் கெஞ்சுகிறாள். இதில் போய் ஓசை நயம் பார்ப்பீர்களா?

இப்போது நான் சொல்ல நினைத்திராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தையின் பெயர் போதும்பொண்ணு. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் கடைசிப் பெண். அந்தப் பெயருக்கு அர்த்தம் வேண்டுமா? அகராதியே வேண்டாம், பச்சைக் குழந்தைக்கும் புரியும். சுத்தமான தமிழ், இலக்கணப் பிழை இல்லை, வாயில் நன்றாக நுழையும். நீங்கள் கேட்கிற எல்லாத் தகுதியும் உள்ள பெயர்.

அத்தை எந்த கவுன்டரிலும் தன் பெயரைச் சொல்ல மாட்டார். அட்டையை எடுத்து, பெயர் இருக்கிற பக்கம் கீழே இருக்கும்படி நீட்டுவார். உள்ளே இருப்பவர் திருப்பிப் பார்த்து உரக்கப் படித்துவிடுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வார். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று இதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் 'பொண்ணு' என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் "பேரு என்ன?" என்று முதலில் கேட்கிறவர் அத்தைதான். என்ன பெயர் சொன்னாலும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று இரண்டு முறை சொல்வார். அர்த்தம் கேட்டதே இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 'நகுசா' என்று பெண்களுக்குப் பெயர் இருந்தது. 'வேண்டாதவள்' என்று பொருள். 2011 அக்டோபரில் சதாரா மாவட்டத்தில் விழா எடுத்து, அந்தப் பெயர் கொண்ட 285 பெண்களுக்குப் பெயர் மாற்றினார்கள். சிலர் கடவுள் பெயர் வைத்துக்கொண்டார்கள், சிலர் நடிகைகளின் பெயர். சினிமாப் பெயர் என்று முகம் சுளிப்பவர்கள் அந்தப் பெண்கள் எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அனுதாபப்பட வேண்டிய பெயர்கள் உலகத்தில் உண்டு. அவற்றுக்கெல்லாம் அர்த்தம் தெளிவாகவே இருக்கிறது.

"அப்படியானால் என்ன வேண்டுமானாலும் வைத்துவிடலாமா?" என்று வருவீர்கள். இல்லை. குழந்தையைக் கேலிப்பொருளாக்கும் பெயர் கூடாது. 2008-ல் நியூசிலாந்தில் ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த ஒன்பது வயதுச் சிறுமிக்காக நீதிமன்றம் தலையிட்டது, அது சரிதான். ஆனால் சட்டமும் தவறும். ஐஸ்லாந்தில் பெயர்களை அனுமதிக்க ஒரு குழுவே இருக்கிறது. 'பிளைர்' என்றால் மெல்லிய காற்று. அந்தச் சொல் இலக்கணத்தில் ஆண்பால் என்று சொல்லி, அந்தப் பெயர் கொண்ட ஒரு பெண்ணுக்கு அனுமதி மறுத்தார்கள். பதினைந்து வயது வரை அரசு ஆவணங்களில் அவள் வெறும் 'சிறுமி'. 2013-ல் நீதிமன்றம் போய்த்தான் தன் பெயரை வாங்கினாள். பாட்டிகளின் பெயரைச் சேர்த்த பெயரை நீங்கள் இதில் எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

அப்புறம் அந்தப் பெரிய ஆயுதம்: "தமிழ்ப் பெயர் வைக்கக் கூடாதா?" இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர்தான் வைத்திருக்கிறேன். யாரும் சொல்லி வைக்கவில்லை, ஆசைப்பட்டு வைத்தேன். எனக்கே தமிழ்ப் பற்று பாடம் எடுக்க வருகிறார்கள். நம் மொழி பெயர் விஷயத்தில் எவ்வளவு பெரிய மனசு கொண்டது என்று தெரியுமா இவர்களுக்கு? யோகனான் என்ற எபிரேயப் பெயருக்கு 'கடவுள் அருள்கூர்ந்தவர்' என்று பொருள். ஊர் ஊராகப் போய் ஜான், ஹுவான், இவான், ஷான் என்றெல்லாம் ஆன அந்தப் பெயர் தமிழ்க் கத்தோலிக்கரிடம் வந்தபோது அருளப்பர் ஆயிற்று. பவுல் என்றால் சிறியவர், அவர் சின்னப்பர். ஸ்தேவான் என்றால் மணிமுடி, அவர் முடியப்பர். எங்கிருந்தோ வந்த பெயரின் பொருளை விசாரித்து, தன் வாய்க்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்கள். விசாரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சங்கப் புலவர்களில் சிலருடைய சொந்தப் பெயரே நமக்குத் தெரியாது. தொகுத்தவர்கள் பெயர் தெரியவில்லை என்று அவர்களை ஒதுக்கவில்லை. பாட்டில் இருந்த சொல்லை எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், குப்பைக்கோழியார். குறுந்தொகையில் இன்றும் குப்பைக்கோழியார் என்றுதான் இருக்கிறது. எப்பேர்ப்பட்ட கவிதை அது! அந்தப் பெயர்களைப் பேணி வைத்த மொழியின் பெயரால் ஒரு கைக்குழந்தையைக் கிண்டல் செய்யாதீர்கள். வலிக்கிறது.

"பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்களே, அந்த அக்கறையில்தான் சொன்னோம்" என்றும் ஒரு குரல். கேலி செய்யப் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? வகுப்பில் வருகை எடுக்கும்போது புதுப் பெயரைப் பார்த்து ஆசிரியர் புருவத்தைத் தூக்கினால் மொத்த வகுப்பும் சிரிக்கும். "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்டு, சரியாகச் சொல்லிப் பழகினால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பெயர் அதேதான்.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். அடுத்த மாதம் அவர் மனைவிக்குப் பிரசவம். இருவரும் பேசி ஒரு பெயர் எடுத்து வைத்திருக்கிறார்கள், எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர். இந்தக் கமெண்டுகளைப் பார்த்துவிட்டு மாற்றிவிடலாமா என்று மனைவி அழுகிறாராம். தம்பி, மாற்றாதீர்கள். அந்தப் பெயர் வந்த கதையை எனக்குச் சொன்னீர்கள் அல்லவா, அதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுப் பிள்ளைக்காக எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் போடுகிற எழுத்துகளை முன்கூட்டியே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் திருத்தத்துக்கு அலைய வேண்டியிருக்கும். பிள்ளை பிறந்ததும் போட்டோ போடுங்கள். முதல் கமெண்ட் என்னுடையதாக இருக்கும்.