‘ஜிஞ்சர்லி’ என்பதன் பொருள் குறித்து

ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்லி’ (gingerly) என்னும் வினையடை, இஞ்சியின் காரத்தை ஒட்டி, ‘சுறுசுறுப்பாக, துணிந்து’ என்று பொருள்படும் என ஒருவர் எழுதியிருக்கிறார். சிலர் அதை வழிமொழிந்தும் இருக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள் ஏறக்குறைய நேர்மாறானது. அடிபட்டுவிடுமோ, எதையாவது உடைத்துவிடுவோமோ, சத்தம் எழுந்துவிடுமோ என்ற அச்சத்தால், மிகுந்த எச்சரிக்கையோடு தயங்கித் தயங்கி ஒன்றைச் செய்வதையே அச்சொல் குறிக்கிறது. ஐப்பசி மழையில் தியாகராய நகர்த் தெருவொன்றில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, மூடியில்லாத பள்ளம் எங்கே இருக்கிறதோ என்று கால் பெருவிரலால் தரையைத் தடவிப் பார்த்து, பிறகே அடுத்த அடியை ஊன்றுகிறோமே, அந்த நடைக்கு இது மிகவும் பொருந்தும். புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பிடிக்க ஓடும் ஓட்டத்துக்குப் பொருந்தாது.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ‘ஜிஞ்சர் அப்’ என்ற தொடருக்கு உற்சாகமூட்டுதல் என்றே பொருள். (இஞ்சி தின்ற குரங்கையும் நாம் அறிவோம்.) ஆனால் அது வேறு, இது வேறு.

ஐயம் உள்ளவர்கள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளின் இணையப் பக்கங்களில் இச்சொல்லைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பொருளை மட்டும் படித்து நிறுத்தாமல், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படித்து, ‘சுறுசுறுப்பாக’ என்பதை அங்கே பொருத்திப் பாருங்கள். அச்சிட்ட அகராதிதான் வேண்டும் என்போருக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.