அம்மாவுக்கும் பயிற்சி வேண்டும்

மனச்சிதைவு நோய்க்கு மருந்தோடு குடும்பச் சிகிச்சையும் தேவை என்று கூறும் உங்கள் கட்டுரையை முழுமனதாக வரவேற்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீட்டாரின் ஓயாத குறைகூறல் மட்டுமல்ல, அளவுமீறிய அரவணைப்பும் நோய் திரும்ப வழிவிடும் என்று 1970களிலேயே லண்டன் ஆய்வுகள் காட்டின. அத்தகைய வீட்டாருடன் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம்பார்த்து இருந்த நோயாளிகளுக்கே ஆபத்து அதிகம். சிங்கப்பூரில் நம் மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒதுங்க இடம் ஏது? வளர்ந்த மகனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும் அம்மாவை யாரும் பழிக்கக்கூடாது. நோய்க்குக் காரணம் அவர் அல்லர். ஆனால் எப்போது விலகி நிற்பது என்று அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா? பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டி குறைந்தது 10 குடும்பச் சிகிச்சை அமர்வுகளைப் பரிந்துரைக்கிறது. அவை இங்கே தமிழிலும் நடக்கட்டும். பாட்டிக்குப் பேரப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை வேண்டவே வேண்டாம்.