உங்களுக்கென்ன, ஊட்டியிலேயே இருக்கிறீர்கள்!

இனி யாராவது இந்த வாக்கியத்தை என்னிடம் சொன்னால் பதில் பேசப்போவதில்லை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவர்களைச் சேரிங் கிராஸில் கொண்டுபோய் நிறுத்தி, "மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ வெங்காயம் வாங்கி வாருங்கள் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடப்போகிறேன். மற்ற மாதங்களில் சும்மா நடந்துபோய் வரும் தூரம்தான். சீசனில் நடைபாதை முழுக்க ஸ்வெட்டர், தொப்பி, குமிழி ஊதும் பொம்மை, அவற்றைச் சுற்றி நின்று பேரம் பேசும் குடும்பங்கள். சாலையில் இறங்கினால் முட்டியை உரசிக்கொண்டு கார். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. ஏப்ரல் பாதியில் தொடங்கி, கீழே பள்ளிக்கூடங்கள் திறக்கும்வரை, வீட்டை விட்டுக் கிளம்ப நாள் பார்த்து, கிழமை பார்த்து முகூர்த்தம் குறிக்க வேண்டியிருக்கிறது.

மலர்க் கண்காட்சி தொடங்கும் நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பூப் பார்ப்பதற்காக என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்குப் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதால்தான் அந்த விடுமுறை என்பது என் சொந்தக் கருத்து.

"அதுதான் இ-பாஸ் வந்துவிட்டதே" என்பார்கள் அடுத்து. வந்தது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000. நல்ல முடிவுதான், வரவேற்கிறேன். ஆனால் வண்டிக்கு நான்கே பேர் என்று வைத்தாலும் ஒரு சனிக்கிழமைக்கு 32,000 பேர் ஆகிறது. பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களும், வெள்ளிக்கிழமையே வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும் இதில் சேர்த்தியில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்த நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 88,000 சொச்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூட்டம் ஒரே நாளில், அதுவும் தலைக்கு மேல் கூரையோடும் நான்கு சக்கரத்தோடும் வந்து இறங்குகிறது. இதற்குப் பெயர் கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று வியாபாரிகள் மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. இரண்டு மாத வியாபாரத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டியவர்கள் அவர்கள். எனக்காக எதை அடைப்பது, யார் அடைப்பது என்பதுதான் தெரியவில்லை.

மலைப்பாதைக்கு வருகிறேன். என் இரத்தம் உண்மையில் கொதிப்பது அங்கேதான். ஐயா, அம்மா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்: மேலே ஏறிவரும் வண்டிக்கு முதலில் வழிவிட வேண்டும். இது எங்கள் ஊர்ச் சட்டம் இல்லை, எல்லா மலைப்பாதைக்கும் உள்ள விதி. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது அதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். அதைப் பார்த்த பிறகும் காரின் மூக்கை உள்ளே நுழைத்துவிட்டு, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பவரை என்ன செய்வது? பேருந்து ஓட்டுநர் பின்னால் எடுக்க முடியாது, அவருக்குப் பின்னால் இருபது வண்டிகள். இவருக்கோ பின்னால் எடுக்கவே தெரியாது. சமதரையில் மட்டும் ஓட்டிப் பழகிய கை அது. கடைசியில் நாலு பேர் இறங்கி, "லெஃப்ட், லெஃப்ட், கொஞ்சம் ரைட்" என்று அந்த மனிதருக்குச் சாலையிலேயே பாடம் நடத்த வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று வழியெல்லாம் பலகை இருக்கிறது. ஒருவரும் படிப்பதில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, சக்கரத்தில் புகை கிளம்பிய பிறகு ஓரமாக நிறுத்தி, தண்ணீர் கேட்பார்கள்.

மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதை இன்னும் மோசம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். எத்தனையோ உயிர்களை வாங்கிய பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாகக் கீழே இறங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். சோதனைச் சாவடியில் நின்று பாருங்கள். "வரைபடம் இதுதான் குறுக்குவழி என்று காட்டுகிறதே" என்று கைப்பேசியைக் காவலரின் முகத்துக்கு நேரே நீட்டி வாதாடுபவர்களைத் தினமும் காணலாம். ஆமாம், குறுக்குவழிதான். எங்கே போவதற்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கண்ணில் பிரச்சினை. கோவையில் மருத்துவம் பார்க்கிறோம். 85 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். சாதாரண நாளில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள், குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அதில் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் இரண்டு பாதையும் அடைத்துக்கொள்ளும். ஆனால் அதிகாலையில் கிளம்பியும், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. முந்தைய நாள் வந்தவர்கள் ஊர் திரும்பும் நேரமும் அதுதானே. மருத்துவமனையில் எங்கள் முறை போய்விட்டது. "தாமதமாக வந்தால் அடுத்த வாரம்தான்" என்றார்கள். அடுத்த வாரம் மட்டும் மலை காலியாகிவிடுமா? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் எங்களுக்கு முன்னால் போன காரின் மேற்கூரையில் ஒரு பையன் தலையை நீட்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இனி உறவினர்கள். ஆண்டு முழுக்க எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை மறந்திருக்கும் சொந்தங்களுக்கு, மார்ச் கடைசியில் ஞாபகசக்தி திரும்பும். "என்னம்மா, நல்லா இருக்கியா? அம்மா கண் எப்படி இருக்கு? அங்கே குளிர் எப்படி?" மூன்றாவது கேள்வியில் எனக்குப் புரிந்துவிடும். "பிள்ளைகள் ஊட்டி ஊட்டி என்று உயிரை எடுக்கிறார்கள். உங்களுக்கு ஒன்றும் சிரமம் இல்லையே?" எட்டுப் பேர் வருவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். வருகிறவர்கள் போர்வைகளையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள், நாங்கள் சமையலறையில் படுப்போம். வெந்நீர் வேண்டும், அதுவும் ஆளுக்கு ஒரு வாளி. எங்கள் தெருக் குழாயில் சீசன் நேரத்தில் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. ஊருக்குத் தண்ணீர் தரும் பார்சன்ஸ்வேலி அணையில் ஆண்டு முழுக்க மழைநீரைத் தேக்கி வைத்து என்ன பயன்? விடுதிகள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்கின்றன. நாங்கள் குடத்தோடு நிற்கிறோம். அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் மாமா வாளி வாளியாக ஊற்றிக் குளித்துவிட்டு, "என்ன இருந்தாலும் மலைத் தண்ணீர் மலைத் தண்ணீர்தான்!" என்கிறார்.

இ-பாஸ் வந்த பிறகு இதில் புது வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. அன்றைய எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று இணையதளம் காட்டினால் உடனே எனக்கு அழைப்பு. "உள்ளூரில் இருக்கிறாயே, யாரையாவது பிடித்து ஒரு பாஸ் வாங்கிக் கொடேன்." நான் ஒரு கேரட் கழுவும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மிகப்பெரிய அதிகாரி எங்கள் எடை மேஸ்திரி.

கேரட் என்றதும் நினைவு வருகிறது. கேத்தி பாலாடாப் பக்கம் வந்து பார்த்திருக்கிறீர்களா? பள்ளத்தாக்கு முழுக்க அடுக்கடுக்காகத் தோட்டம். ஊர் தூங்கும் நேரத்திலேயே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் கேரட் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதை மூட்டை கட்டி, இயந்திரத்தில் கழுவி, லாரியில் ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு சேர்க்க வேண்டும். சேராவிட்டால் அன்றைய விலை போய்விடும். நெரிசலில் லாரி மாட்டிக்கொண்ட நாளில் மண்டியிலிருந்து அழைத்துத் திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வது நான். இதற்கு நடுவே, சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கி, கேரட்டைப் பிடுங்கிக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள். ஒன்று பிடுங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். பிடுங்கியது ஒன்றுதான். மிதித்தது ஒரு பாத்தி. முற்றாத கேரட்டைப் பிடுங்கிப் பார்த்து, "சின்னதாக இருக்கிறதே" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போன ஒரு பெண்மணியிடம் தோட்டக்காரர் சண்டைக்குப் போனார். அந்தம்மா அவரைக் கைப்பேசியில் படம் பிடித்தார். "ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை மிரட்டுகிறார்கள்" என்று எங்கேயாவது அது சுற்றிக்கொண்டிருக்கும்.

பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகளாகத் தடை இருக்கிறது. தண்ணீர் பாட்டில்கூட விற்கக் கூடாது, ஆங்காங்கே தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் பிடுங்கியது போக, இருக்கைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தது எல்லாம் சோலைக்காட்டு ஓரத்தில் கிடக்கும். சாராயப் பாட்டிலுக்கு வேறு தனிக் கதை. குடித்துவிட்டுக் காட்டில் உடைத்துப் போடும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் திட்டத்தை 2022-இல் நீலகிரியில் தொடங்கினார்கள். எங்கள் ஊர்க் குடிகாரர்கள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறார்கள், சில பேர் பிறர் போட்டதையும் பொறுக்கிக் கொடுத்து அடுத்த சுற்றுக்கு வழி செய்துகொள்கிறார்கள். பதினைந்து லட்ச ரூபாய் காரில் வருகிறவருக்குப் பத்து ரூபாய் எந்த மூலைக்கு? அவர் காட்சிமுனையில் நின்று, பாட்டில் எவ்வளவு தூரம் போகிறது என்று வீசிப் பார்க்கிறார்.

இவ்வளவும் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "நாங்கள் வராவிட்டால் நீங்கள் எதைச் சாப்பிடுவீர்கள்?" நீங்கள் சாப்பிடும் கேரட்டையும் முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும்தான். நீங்கள் குடிக்கும் தேயிலையையும் இந்த மலையில்தான் பறிக்கிறார்கள். ஏரிக்கரையில் குதிரை பிடிப்பவருக்கும் வர்க்கி சுடுபவருக்கும் டாக்சி ஓட்டுபவருக்கும் சீசன்தான் சோறு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய பணம் எங்கே போகிறது? பாதி விடுதிகளின் முதலாளிகள் எங்கேயோ இருக்கிறார்கள். இங்கே படுக்கை விரிக்கிற பெண்ணை ஜூலை மழை தொடங்கியதும், "கூப்பிடும்போது வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டு வாடகையைக் கேளுங்கள். நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர், ஒரு நல்ல நாள் பார்த்து வந்து, "காட்டேஜ் ஆக்கப் போகிறேன், இரண்டு மாதத்தில் காலி செய்துகொடுங்கள்" என்றார். நாங்கள் மாதம் முழுக்கக் கொடுத்த வாடகையை சீசனில் இரண்டே இரவுகளில் எடுத்துவிடலாமாம். வாசலில் இப்போது சீரியல் விளக்கு மாட்டியிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் அங்கே ஒலிபெருக்கியில் பாட்டு. அம்மா வைத்திருந்த செவ்வந்திப் பாத்தியில் வண்டி நிறுத்துகிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் இந்த நகரம் உருவானதே வெளியே இருந்து வருகிறவனின் உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கத்தானே. கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மேலே வந்தார், ஊர் பிடித்துப்போயிற்று, வீடு கட்டினார், ஏரி வெட்டினார். பின்னாலேயே சென்னை அரசாங்கம் மொத்தமும் கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. தோடர்களும் படகர்களும் கோத்தர்களும் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் குதிரையில் வந்தான், இப்போது சன்ரூஃப் வைத்த காரில் வருகிறார்கள். அவன் வெட்டிய ஏரியில் கோடப்பமந்துக் கால்வாய் வழியாக ஊர்ச் சாக்கடை கலந்துகொண்டிருக்கிறது. அதன் மேல்தான் படகு விட்டுக்கொண்டு, "என்ன ஃப்ரெஷ்ஷான காற்று!" என்கிறார்கள்.

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள். எப்படி வருவது என்று சொல்கிறேன். காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிடுங்கள். அரசுப் பேருந்து இருக்கிறது, மலை ரயில் இருக்கிறது, இரண்டுக்கும் இ-பாஸ் வேண்டாம். ரயிலில் டிக்கெட் கிடைக்காது, அது வேறு சண்டை; பேருந்தில் இடம் கிடைக்கும். அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு எந்த வளைவில் எங்கே ஒதுங்க வேண்டும் என்று தெரியும். கல்லாறு தாண்டியதும் குரங்குக்குச் சிப்ஸ் பொட்டலம் வீசாதீர்கள். பள்ளி விடுமுறையில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் செப்டம்பரில், இரண்டாவது சீசனில் வாருங்கள், அப்போதும் பூ இருக்கும். தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். கேரட் வேண்டுமென்றால் சாலையோரத்தில் கட்டாகக் கட்டி விற்கிறார்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

சித்தப்பா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இரண்டாவது சீசனுக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னீர்களாமே. வாருங்கள். எட்டுப் பேருக்கும் போர்வை எடுத்து வாருங்கள்.