அந்த மலர்களின் பின்பக்கங்களைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய சிங்கப்பூர்ப் பேரங்காடி விளம்பரங்களை யாராவது பகிர்ந்தால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பவன் நான். ராபின்சன்ஸ், ஜான் லிட்டில், மெட்ரோ, யாவோஹான், ஓரியண்டல் எம்போரியம் என்று பேரைச் சொன்னாலே என் வயதுக்காரர்களிடம் ஒரு கதை கிளம்பிவிடும். ஆனால் ரொம்ப நாளாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். இந்த ஊரின் பழைய நாளைப் பற்றிப் பேசும்போது கடை என்றால் ஆர்ச்சர்ட் ரோடு, விளம்பரம் என்றால் ஆங்கில நாளிதழ் என்று முடிந்துவிடுகிறது. நம் பங்குக்கு மாலை கட்டுகிற ஒரு படம், தேக்கா சந்தையில் ஒரு படம், அவ்வளவுதான். நாம் அந்தப் பெரிய கடைகளின் வாடிக்கையாளர்களாகவும் இருந்தோம், நமக்கென்று கடை வைத்து, கோயிலும் சங்கமும் பள்ளியும் அச்சிட்ட விழாப் புத்தகங்களான மலர்களின் பின்பக்கங்களில் விளம்பரமும் கொடுத்தோம். அந்தத் தாள்கள்தான் இப்போது நம் வீட்டு அலமாரிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் பிறந்து வளர்ந்தது செம்பவாங்கில், நேவல் பேஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளத்து ஊழியர் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே ஸ்டோரில் வேலை. ஆபீசில் துரைமார்கள் படித்து முடித்த ஆங்கில நாளிதழை மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் படித்ததும் அக்கா படிப்பாள், அதற்கப்புறம் தாள் அம்மாவுக்கு. அடுப்படித் தட்டில் விரிப்பதற்கு அதைவிட்டால் வேறு ஏது? அப்போதெல்லாம் விளம்பரத்தில் புகைப்படத்தைவிடக் கோட்டோவியம்தான் அதிகம். மெலிந்த இடுப்பும் கையுறையுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண், தொப்பி வைத்த ஒரு ஆண், பக்கத்தில் விலை, காசு மட்டும் பொடி எழுத்தில் மேலே ஏறி நிற்கும். இந்த வெயிலில் கையுறை யார் போட்டார்களோ. அந்தப் பெண்மணி எங்கள் வீட்டில் மைலோ டின்னுக்கும் புளிப் பானைக்கும் கீழே பல மாதம் குடியிருப்பாள், மஞ்சள் கறை ஏறியதும் அடுத்த மலிவு விற்பனைத் தாள் அந்த இடத்துக்கு வரும். சோங் பாங்கில் சுல்தான் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனால், கச்சாங் பூத்தே விற்கிற நம் ஆள் சுற்றித் தரும் கூம்பிலும் பாதி விளம்பரம் இருக்கும். கடலையைத் தின்றுவிட்டு அக்கா அதைப் பிரித்து விலையை வாசிப்பாள்.

ராபின்சன்ஸ் 1858இல் தொடங்கிய கடை. ஜான் லிட்டில் அதற்கும் மூத்தது. இரண்டும் ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்தன. இன்றைக்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலைய வாசல் முகப்பைப் பாருங்கள், பழைய ஜான் லிட்டில் கட்டடத்தின் சாயலில்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போகிற எத்தனை இளையர்களுக்கு இது தெரியும்? அப்பா அங்கே சாமான் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. துரை வீட்டு அம்மா சொன்ன சாமானை வாங்கி வர ஒருமுறை அனுப்பப்பட்டதாகவும், உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். 1972 நவம்பர் 21ஆம் தேதி அந்த ராபின்சன்ஸ் கட்டடம் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. சொந்தமாக ஒரு சாமான் வாங்காத கடைக்காக அன்றைக்கு அம்மா அழுதார். தாளில் தினமும் பார்த்த கடையாயிற்றே.

நாங்கள் உண்மையிலேயே வாங்கியது ஓரியண்டல் எம்போரியத்தில். 1966இல் ராஃபிள்ஸ் பிளேஸிலேயே வந்த கடை அது, சீனத்துச் சாமான், விலை நமக்குக் கட்டும். பூப்போட்ட பிளாஸ்க், எனாமல் தட்டு, கம்பளி, தலையணை உறை. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் பெட்டி கட்டும்போது பார்த்தால் பாதிச் சாமான் எம்போரியத்தில் வாங்கியதாக இருக்கும், மீதி கோடாலித் தைலமும் டைகர் பாமும். ரஜூலா கப்பல் 1973 வரை ஓடியது, பிறகு எம்.வி. சிதம்பரம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கிய அந்தக் கம்பளிகளை நம் ஊர்க் கிராமங்களில் இன்றைக்கும் சில வீடுகளில் பார்க்கலாம். இதை எந்தப் பேரங்காடியின் வரலாற்றிலும் எழுதமாட்டார்கள், நாம்தான் எழுத வேண்டும்.

டாங்ஸ் கடையைத் தொடங்கிய சி.கே. டாங், சீனாவிலிருந்து வந்த புதிதில் தகரப் பெட்டியில் சாமான் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றவர். 1958இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் கட்டடம் எழுப்பினார். எதிரே அப்போது இடுகாடு, ராசியில்லாத இடம் என்று பேசினார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அருமையான கதை, திரும்பத் திரும்பச் சொல்லலாம். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் ஒருவர் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வருவார். கடையநல்லூர்க்காரர், பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். திண்ணையில் மூட்டையைப் பிரித்தால் அந்த வரிசையில் இருக்கிற அத்தனை பெண்களும் வந்துவிடுவார்கள். "இதை எடுத்துக்கம்மா, சம்பளம் வந்ததும் பாத்துக்கலாம்" என்பார். காசு தவணைதான், சின்ன நோட்டுப் புத்தகத்தில் வீட்டு நம்பர் போட்டுக் குறித்துக்கொள்வார். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யாருக்கு இந்த மாசம் கை முடை என்று அந்த நோட்டுக்குத் தெரியும். அவருக்கு விளம்பரமே கிடையாது, சைக்கிள் மணிதான். வெள்ளைக்காரர்கள் 1971இல் தளத்தை விட்டுப் போய், குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் ஊருக்குமாகப் பிரிந்துபோனபின் அந்த மணிச் சத்தமும் நின்றுவிட்டது. அந்த நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் இன்றைக்கு அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டிய பொருள்.

தீபாவளி என்றால் கதையே வேறு. அதற்கு மட்டும் சிராங்கூன் ரோடு. பிஜிபி என்று எல்லாரும் சொல்லும் பி. கோவிந்தசாமி பிள்ளையின் கடைகள் அங்கே பெரிய பேர். மளிகைக் கடை வேலையாளாகத் தொடங்கி, துணிக்கடை, மாவு மில் என்று வளர்ந்தவர், பெருமாள் கோயில் கல்யாண மண்டபத்துக்கே அவர் பேர்தான். நமக்கு அதுதான் பேரங்காடி. சேலைத் துணியைக் கெஜத்தில் அளந்து கிழிக்கிற சத்தம், கடை முன் அஞ்சடி நடைபாதையில் பூக்காரர், சாயங்காலம் கோமள விலாஸில் தோசை. கோமள விலாஸ் 1947இல் வந்தது, இன்னும் இருக்கிறது. 1960இல் சின்னக் கடையாகத் தொடங்கிய ஜோதி இன்றைக்குக் கேம்பல் லேனில் மாடி மாடியாக நிற்கிறது. 1971இல் தொடங்கிய முஸ்தபா கடை, சையத் ஆல்வி ரோட்டில் ஒரு ஊரையே வளைத்திருக்கிறது. இவையெல்லாம் வாழ்ந்தவை. இவற்றோடு இருந்து மறைந்த கடைகளைப் பற்றி யார் பேசுகிறோம்? 2020 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ராபின்சன்ஸ் மூடப்போகிற செய்தி வந்தது. ஊரே எழுதியது, நானும் வருத்தப்பட்டேன், அது நியாயமான வருத்தம்தான். சிராங்கூன் ரோட்டில் மூன்று தலைமுறைக்குக் கூறைப் புடவை கொடுத்த கடைகள் மூடியபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, அந்தக் கடைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது என்றால், மலர்கள். கும்பாபிஷேக மலர், தமிழர் திருநாள் மலர், நாடகக் குழு மலர், பள்ளி ஆண்டு மலர், காற்பந்துக் குழு மலர். தமிழர் திருநாளை 1952இலிருந்து தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்தே நம் ஆட்களுக்கு ஒரு விழா என்றால் ஒரு புத்தகம். அச்சுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் சங்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறுவார்கள். முழுப் பக்கம் இவ்வளவு, அரைப் பக்கம் இவ்வளவு, பின்னட்டைக்குத் தனி ரேட். முடியாதவர் ஒரு வரி வாழ்த்துப் போடுவார். வியாபாரத்துக்கென்று கொடுத்ததைவிட நன்கொடையாகக் கொடுத்ததுதான் அதிகம். அதனால்தான் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் யார் எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிக்கு, எந்தக் குழுவுக்குத் துணையாக இருந்தார்கள் என்பது அப்படியே தெரியும். நாடகத்துக்கு முஸ்லிம் கடைக்காரர் முழுப் பக்கம் கொடுத்திருப்பார், கோயிலுக்குச் சீனத்து நகைக்கடைக்காரர் கொடுத்திருப்பார். முன்பக்கத்துத் தலைவர் உரையெல்லாம் எந்த மலரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், பின்பக்கத்தில்தான் ஊர் இருக்கிறது.

என்னிடம் ஒரு மலர் இருக்கிறது, அட்டை போய்விட்டது, எந்த வருஷம் என்று எங்கேயும் இல்லை. அரைப் பக்க விளம்பரம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேலே பூக்கொடிக் கரை. கடைப்பேர் தடித்த எழுத்தில். அதற்குக் கீழே காஞ்சிபுரம் பட்டு, மைசூர் சில்க், ஜார்ஜெட், எவர்சில்வர் பாத்திரம், ஊதுபத்தி, டிரங்குப் பெட்டி என்று வரிசை. "மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்." "வெளியூர் ஆர்டர்கள் உடனுக்குடன் கவனிக்கப்படும்." ஓரத்தில் கப்பல் டிக்கெட்டுக்கும் அணுகவும் என்று ஒரு வரி. துணி, பாத்திரம், பெட்டி, கடைசியில் கப்பல்! ஒரு மனிதர் சிங்கப்பூரில் சம்பாதித்து ஊருக்குப் போவதற்கு வேண்டியது அத்தனையும் ஒரே கூரையின் கீழ். எழுத்து பழைய வடிவ லை, னை. முகவரியில் தெருப் பேரும் "சிங்கப்பூர் 8" என்பதும்.

இந்த முகவரி ஒன்றே போதும், வருஷத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். இரண்டு இலக்க அஞ்சல் வட்டாரம் 1950இல் வந்தது, 1979இல் நான்கு இலக்கம், 1995இல் இப்போதைய ஆறு இலக்கம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் 8 என்று இருந்தது 08 என்று தொடங்கும் நான்கு இலக்கமாக மாறியது. ஆகவே என்னிடம் இருப்பது 1979க்கு முந்தியது. தொலைபேசி எண்ணும் உதவும், இலக்கம் கூடிக் கூடி, 2002இல் முன்னால் 6 சேர்ந்து எட்டானது. கெஜத்தில் விலை போட்டிருந்தால் மெட்ரிக் அளவு வருவதற்கு முந்தியது. கப்பல் பேர் இருந்தால் இன்னும் நெருங்கிவிடலாம். தேதி இல்லாத காலண்டர் அட்டை, நோட்டீஸ், துணிப்பை எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குச் செல்லும். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பார்க்க முடிகிறது, அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் நாளிதழுக்குள் வராதவை? மலர், கடை காலண்டர், பொங்கல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையின் பின்னட்டையில் இருக்கிற அச்சகத்துப் பேர்? பள்ளிகள் வைத்திருந்தவையும் சிதறிப்போயின. தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடி, 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடியபின் அந்த ஆண்டு மலர்களெல்லாம் எங்கெங்கே போயினவோ. தெரிந்த பெரியவர் ஒருவர் போன வருஷம் சின்ன வீட்டுக்கு மாறினார். ஒரு பெட்டி நிறைய சங்கத்து மலர்கள். பிள்ளைகள் நல்லவர்கள்தான், அவசரத்தில் பழைய சாமான் வாங்குகிற காராங்கூனிக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே வீடு மாறுகிறவர்கள், பெரியவர்களின் அலமாரியைச் சுத்தம் செய்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். கிழிந்ததோ கறைபட்டதோ பரவாயில்லை. பென்சிலால் பின்னால் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: யாருடையது, எந்தப் பேட்டையில் இருந்தவர், யார் மூலம் கிடைத்தது. பிளாஸ்டிக்கில் அடைத்து டேப் ஒட்டாதீர்கள், டேப்தான் தாளை முதலில் தின்னும். கைப்பேசியில் படம் எடுத்தால் விளம்பரத்தை மட்டும் வெட்டாமல் முழுப் பக்கமும் எடுங்கள், ஓரத்தில் இருக்கிற பக்க எண்ணும் அச்சகத்துப் பேரும் வேண்டும். அப்புறம் தேசிய நூலகத்தையோ கேம்பல் லேனில் இருக்கிற இந்திய மரபுடைமை நிலையத்தையோ கேட்டுப் பாருங்கள்.

நேவல் பேஸ், சோங் பாங், தஞ்சோங் பகார், போத்தோங் பாசிர் பக்கம் இருந்தவர்களிடம் 1979க்கு முந்திய மலரோ கடை காலண்டரோ இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது, வார இறுதியில் நானே வந்து எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கோயில் மலர் முதல் காற்பந்து மலர் வரை எதுவானாலும் சரி, பின்பக்கங்கள் இருந்தால் போதும்.